ஊருக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்ட்

போன வாரம் சண்டை போடுவதற்காகவே வடசேரியில் பஸ் ஏறினேன்.

ஆமாம், சண்டைக்குத்தான். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். கோபம் வந்தால் அது ஆறுவதற்குள் உரிய இடத்தில் போய் இறக்கி வைத்துவிட வேண்டும். ஃபோனில் சண்டை போட்டால் எனக்குத் திருப்தி வராது. முகத்தைப் பார்த்துப் போட வேண்டும்.

விஷயம் இதுதான். என் தங்கை மகளுக்குக் கல்யாணம். தங்கை வீடு குழித்துறையில். கார்டு அடிக்கக் கொடுத்ததும் அங்கேயே, வில்சன் அண்ணன் பிரஸ்ஸில். அந்தக் கார்டை ஒப்பேற்றுவதற்குள் நாங்கள் பட்ட பாடு... யார் பெயரை மேலே போடுவது, யாரைக் கீழே போடுவது என்று இரண்டு குடும்பமும் பேசி, ஒரு பெரியப்பா முறுக்கிக்கொண்டு போய், அவரைச் சமாதானப்படுத்தி இரண்டு வரி மேலே ஏற்றி, அதனால் ஒரு சித்தப்பா முறுக்கிக்கொண்டு... கல்யாணம் செய்வதைவிடக் கஷ்டம் கல்யாணக் கார்டு அடிப்பது. ஒரு வழியாக எல்லோரும் தலையாட்டி, நான் புரூஃப் பார்த்து ஓகே சொல்லி, நிம்மதியாக இருந்தேன்.

அன்று காலையில் தங்கை ஃபோன்.

"அக்கா, கார்டு போச்சு."

"போச்சுன்னா?"

"பிரஸ்ல வைரஸ் ஏறிட்டாம். எல்லா ஃபைலும் பூட்டிக் கிடக்காம். நம்ம கார்டும் அதுக்குள்ளதான். அங்க நிக்குற பொண்ணு எதையோ தொறந்து விட்டுட்டாளாம். வில்சன் அண்ணன் இப்பம்தான் விளிச்சுச் சொன்னாரு."

அவளுக்கு மூட்டுவலி. அலைய முடியாது. ஆகவே படையெடுப்பு என் பொறுப்பு.

தக்கலை தாண்டும்போதே வசனங்கள் தயார். 'ஒரு பொறுப்பு வேண்டாமா அண்ணே?' என்று ஆரம்பிப்பது. 'ஊர்ப்பட்ட கம்ப்யூட்டர் வைத்திருக்கிறீர்களே, அதற்கு ஒரு பாதுகாப்பு வைக்கத் தெரியாதா?' என்று மத்தியில் ஏறுவது. அந்தப் பெண்ணுக்குத் தனியாக ஒரு பங்கு. மார்த்தாண்டம் வந்தபோது எனக்கே என் பேச்சு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆனால் வில்சன் அண்ணனிடம் சண்டை போடுவது லேசில்லை. அறுபதை ஒட்டிய வயது. வெள்ளைச் சட்டை, எப்போதும் சட்டைப்பையில் இரண்டு பேனா. யாராவது ஒன்று கேட்டால் 'இல்லை' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. 'நாளைக்கே கார்டு வேண்டும்' என்றாலும் 'செரி'தான். 'சபைக்கு நோட்டீஸ் சும்மா அடிச்சுத் தாங்க' என்றாலும் 'செரி'தான். நான் படியேறியதும் அவரே எழுந்து வந்தார்.

"டீச்சர், வாருங்க. சண்டை போடத்தானே வந்திய? இரியுங்க. டீ சொல்லுதேன். குடிச்சுட்டுப் போடுங்க."

நான் டீச்சர் வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. மேற்குப் பக்கம், அதாவது குழித்துறை வட்டாரத்தில், நான் இன்னும் டீச்சர்தான். இப்படி வரவேற்கிற மனிதரிடம் எந்த வசனத்தை எடுத்து விடுவது?

உள்ளே பார்த்தேன். வழக்கமாகத் தடதடவென்று ஓடுகிற மெஷின் நின்றிருந்தது. நான்கு கம்ப்யூட்டர்கள். எல்லாத் திரையிலும் ஒரே மாதிரி ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல். உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் திறப்போம் என்று. மேஜைக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அது ஜெனிஷ். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். மார்த்தாண்டத்தில் பாதிக் கடைகளுக்கு அவன்தான் வைத்தியன்.

"அண்ணே, அந்தப் பேக்கப் ஹார்ட் டிஸ்க்க இதுலயே குத்தி வச்சிருந்தியளா?" என்று மேஜைக்கு அடியிலிருந்து கேட்டான்.

"நீதானே மக்கா பேக்கப் எடுக்கணும்னு சொன்ன? எப்பளும் எடுத்துக்கிட்டே இருக்கட்டும்னு குத்தியே வச்சிருந்தேன்."

"எளவு. அதுவும் சேந்து போச்சு."

பேக்கப் எடுத்தால் கழற்றித் தனியாக வைக்க வேண்டுமாம். திருடன் வந்த அன்று பீரோச் சாவி பீரோவிலேயே இருந்தால் என்ன ஆகும்? அது ஆகியிருந்தது.

ஓரத்தில் ஒரு பெண் சத்தமில்லாமல் பொருள்களை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸ், குடை, நாற்காலியில் முதுகுக்குச் சாய்வாக வைத்திருந்த ஒரு சின்னத் தலையணை. அவள்தான் ஷீபா. எங்கள் கார்டை டைப் செய்தவள். நாற்பது வயது இருக்கும். பெரியப்பாவை மேலேயும் கீழேயும் ஏற்றி இறக்கியபோதெல்லாம் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தவள்.

"எங்க போறா?" என்று மெதுவாக வில்சன் அண்ணனிடம் கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "திங்கக்கிழம தொட்டு வராண்டாம்னு சொல்லிட்டேன் டீச்சர். மனசு கேக்கல்ல. ஆனா என்ன செய்ய? கல்யாண சீசன். எல்லாருக்க கார்டும் போச்சு. ஆளுவ வந்து கேக்குதாவ, யாருக்க தப்புன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

நான் ஒதுக்கி வைத்திருந்த கோபத்தில் ஷீபாவின் பங்கு அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது. தலையணையை எடுத்துப் போகிற ஒருத்தியிடம் யார் சண்டை போடுவார்கள்?

டம்ளரைக் கழுவ அவள் பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். எனக்கு மூக்கை நுழைக்காமல் இருக்க முடியாது. அதுவும் உங்களுக்குத் தெரியும்.

"என்னதான் செஞ்ச ஷீபா?"

"மெயில் வந்துது அக்கா. கல்யாண மேட்டர் அட்டாச்ட்னு போட்டிருந்து. தெனமும் அப்பிடித்தானே வரும்? தெரியாத ஆளுவதானே நமக்கு கஸ்டமர்? தொறந்தேன். தொறக்காம எப்பிடி டைப் பண்ண?"

நியாயம்தான். 'தெரியாதவர்களிடமிருந்து வரும் மெயிலைத் திறக்காதீர்கள்' என்று எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். பிரஸ்ஸில் வேலை செய்கிறவளுக்கு வருவதெல்லாம் தெரியாதவர்களிடமிருந்துதானே வரும்? தெரிந்தவர்களுடைய கல்யாணத்துக்கு மட்டும் கார்டு அடித்தால் கடையை எப்போதோ பூட்டியிருக்க வேண்டும்.

"அப்பம் உன் தப்பு இல்லையே?"

"தொறந்தது நான்தானே அக்கா." டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். "வேல போனா போவட்டு. ஆனா சார் எல்லாருட்டயும் விளிச்சுச் சொல்லிட்டாங்க, ஷீபா எதையோ தொறந்துட்டான்னு. இனி இந்தப் பக்கத்துல எந்தப் பிரஸ்லயும் என்னைச் சேக்க மாட்டாவ. எனக்கு இத விட்டா வேற தொழில் தெரியாது. எனக்க வீட்டுக்காரருக்கும் இப்பம் வேல இல்ல. வீட்டுல ரெண்டு பிள்ளைய படிக்குது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு ஒன்று சொன்னாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் சொன்னாள். "கொஞ்ச நாளாட்டு எனக்க கம்ப்யூட்டர்ல மட்டும் மூலையில செவப்பா ஒண்ணு வந்துகிட்டே இருந்துது. 'பாதுகாப்பு இல்ல'ன்னு. மூணு நாலு வட்டம் சார்கிட்ட சொன்னேன். 'அவன் காசு புடுங்கப் பாக்கான், மூடி விட்டுரு'ன்னு சொன்னாங்க. மூடி மூடிப் பழகிட்டு."

நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். 'பிறகு நினைவூட்டு' என்ற பட்டனை நீங்கள் இதுவரை எத்தனை தடவை அமுக்கியிருப்பீர்கள்? கம்ப்யூட்டர் உலகத்தில் நமக்கெல்லாம் பிடித்த ஒரே பட்டன் அதுதான். எரிகிற வீட்டைப் பற்றி ஒருவன் ஓடி வந்து சொன்னாலும், 'சாப்பிட்டுவிட்டு வருகிறேன்' என்று அமுக்கிவிடுவோம்.

உள்ளே வந்தோம். ஜெனிஷ் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"அண்ணே, எனக்குப் புடிபடல்ல. நான் உங்களுக்கு நல்ல ஆன்டிவைரஸ்தானே போட்டுத் தந்தேன்? பத்துக் கம்ப்யூட்டருக்கு லைசென்ஸ். மத்த மூணுலயும் இருக்கு. இந்தப் பி.சி. டூ-ல மட்டும் இல்ல. இதுலதான் மெயில் ஏறியிருக்கு. இதுக்குள்ள இருந்து ஷேர் பண்ணின ஃபைல் வழியா எல்லாத்தையும் புடிச்சிருக்கு. அக்கா, நீங்க எதாவது அன்இன்ஸ்டால் பண்ணினியளா?"

பி.சி. டூ என்பது ஷீபாவின் கம்ப்யூட்டர். நான்கிலும் ஒன்று, இரண்டு என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "நான் தொடவே இல்ல தம்பி" என்றாள் ஷீபா. ஜெனிஷ் நம்பவில்லை. கம்ப்யூட்டர் பையன்களுக்கு இது ஒரு வியாதி. என்ன கெட்டாலும் கீபோர்டில் கை வைத்திருந்தவர்தான் காரணம்.

"செரி. மொதல்ல இந்த லைசென்ஸ் அக்கவுண்டுக்க பாஸ்வேர்ட மாத்துதேன். எங்க எல்லாம் உள்ள கிடக்கோ எல்லாத்தையும் வெளிய தள்ளுதேன். அப்புறம் ஒவ்வொண்ணா உள்ள எடுப்போம்." தன் லேப்டாப்பில் தட்டினான். மாற்றிவிட்டான். டீ வந்தது.

டீயைக் குடித்து முடிக்கவில்லை. வில்சன் அண்ணனின் ஃபோன் அடித்தது.

அவருக்கு ஃபோனைக் காதில் வைக்கும் வழக்கம் கிடையாது. ஸ்பீக்கரில் போட்டு, உள்ளங்கையில் ஏந்தி, திருநீறு வாங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு பேசுவார். பேசுவது தெரு முழுக்கக் கேட்கும்.

"அத்தான், நான் பஹ்ரைன்ல இருந்தாக்கும். அந்த ஆன்டிவைரஸ் இருக்குல்லா, திடீர்னு வெளிய தள்ளிட்டு. பாஸ்வேர்ட் மாத்தினியளா?"

மனைவியின் தம்பியாம். "நான் அப்புறமா விளிக்கேன்" என்று வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜெனிஷ் திரும்பிப் பார்த்தான். "அண்ணே... பஹ்ரைன்ல நம்ம கடைக்கு பிராஞ்ச் இருக்கா?"

பதில் சொல்வதற்குள் அடுத்த ஃபோன். சர்ச் சபை ஆபீஸிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை அறிக்கை அடித்துக்கொண்டிருக்கும்போது சிவப்பாக ஏதோ வருகிறதாம். அதை வைத்தவுடன் இன்னொன்று. ரிட்டயர்ட் ஆன ஒரு சார், லேப்டாப்பில் பேரனுக்கு ஆன்லைன் வகுப்பாம். எல்லோரும் மரியாதையாக, உரிமையாக, கரண்ட் போனால் பக்கத்து வீட்டில் கேட்பதுபோலக் கேட்டார்கள். உங்களுக்கும் போயிட்டா?

நான்காவது ஆள் ஃபோன் செய்யவில்லை. நேரிலேயே ரோட்டைக் கடந்து வந்தார். எதிரே இன்னொரு பிரஸ் வைத்திருக்கிறவர். வில்சன் அண்ணனுக்கு நேர் போட்டி!

"வில்சா, நீ தந்த அந்த இது வேல செய்யல்லியே... என்னவாச்சு?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணே, எதிர்க்கடைக்குமா?"

"அவன் கேட்டான் டீச்சர். எப்பிடி இல்லன்னு சொல்ல?" என்றார் அண்ணன் பரிதாபமாக. "பத்து எண்ணத்துக்கு லைசென்ஸ். எனக்கு இருக்கது நாலு. மீதி ஆறும் சும்மா வீணா கிடக்கு. வீட்டுல ஒரு சக்கப்பழம் முறிச்சா நாம மட்டுமா தின்னுவோம்? நாலு வீட்டுக்குக் குடுக்க மாட்டோமா? அப்பிடி நினச்சுத்தான் குடும்ப குரூப்புல பாஸ்வேர்டப் போட்டேன். வேண்டியவங்க எடுத்துக்கிடுங்கன்னு."

"எத்தன பேருக்குக் குடுத்திய?"

"எண்ணியா டீச்சர் குடுக்க முடியும்?"

இந்த ஊர்க்காரியாக இருந்துகொண்டு அதைத் தப்பென்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பழுத்த சக்கையை, அதாவது உங்கள் ஊர்ப் பலாப்பழத்தை, முழுசாக ஒரு வீட்டில் வைத்துத் தின்றவர்கள் என்று இங்கே யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. வெட்டின வாசம் போகிற தூரம் வரைக்கும் பங்கு போக வேண்டும். அதுதான் மரியாதை. அந்த மரியாதையை மனிதர் அப்படியே கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டார்.

அப்போது மறுபடியும் ஃபோன் வந்தது. பெங்களூரிலிருந்து, அவருடைய அக்கா மகள் பிரின்சி.

"மாமா, ஸாரி மாமா, ஆபீஸ்ல இருக்கியளா? எனக்க லேப்டாப்ல ஆன்டிவைரஸ் போயிட்டு. நான் எதாவது தப்பாட்டு அழிச்சிட்டேனா?"

"நீ என்ன மக்களே அழிச்ச?"

"இல்ல மாமா, போன மாசம் நான் போடப் பாக்கும்போ பத்தும் ஃபுல்லுன்னு வந்துது. ஒண்ண எடுத்தாதான் என்னுத சேக்க முடியும்னு. எல்லாத்துலயும் ஆளுக்க பேரோ கடைக்க பேரோ இருந்துது. பி.சி. டூ-ன்னு ஒண்ணு மட்டும் பேரே இல்லாம கிடந்து. யாரும் பயன்படுத்தாததா இருக்கும்னு அத எடுத்துட்டு என்னுத போட்டேன். அதுனாலயா மாமா?"

எதிர்க்கடைக்காரர் மெல்லத் தன் செருப்பைத் தேடினார். ஜெனிஷ் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நின்றிருந்த ஷீபா, பி.சி. டூ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்த தன் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா? கேக்குதா?"

"கேக்குது மக்களே," என்றார் வில்சன் அண்ணன். "உனக்க தப்பு இல்ல. நான் விளிக்கேன்."

லைசென்ஸ் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நாம் அதை ஒரு சாமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாங்கியாயிற்று, நம்முடையது, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று. அப்படி இல்லை. அது பந்தியில் எண்ணிப் போட்ட இலை. பத்து இலை என்றால் பத்துதான். பதினோராவதாக ஒருவரை அன்பாகக் கூப்பிட்டு உட்கார வைத்தால், ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற ஒருவரை எழுப்ப வேண்டியிருக்கும். யாரை எழுப்புவார்கள்? பெயர் தெரியாதவரைத்தானே!

எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் கொண்டு வந்த கோபம் இல்லை, இது வேறு. தாராளம் வில்சன் அண்ணனுடையது. பெயரும் புகழும் அவருக்கு. பஹ்ரைன் வரைக்கும் நல்ல அத்தான். ஆனால் அந்த நல்ல பெயருக்கு விலை கொடுத்தது யார்? மாசச் சம்பளத்துக்கு வந்து உட்கார்ந்து, 'சிவப்பாக வருகிறது சார்' என்று திரும்பத் திரும்பச் சொன்ன ஒருத்தி. நல்லவர்கள் செய்கிற தப்பில் ஒரு வசதி இருக்கிறது. யாரும் அவர்களைச் சந்தேகப்படுவதில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாவம்தான். உண்மையாகவே பாவமாக இருந்தது.

"ஜெனிஷே," என்றார் தலையைத் தூக்காமல். "அது இருந்திருந்தா புடிச்சிருக்குமா?"

"நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன் அண்ணே. ஆனா இது பழைய வைரஸ்தான். அநேகமா புடிச்சிருக்கும்." பிறகு ஷீபா பக்கம் திரும்பி, "ஸாரி அக்கா. நானும் உங்களத்தான் சொன்னேன்" என்றான். வாயாடிப் பையன். ஆனால் அந்த 'ஸாரி'யை அவன்தான் முதலில் சொன்னான்.

வில்சன் அண்ணன் எழுந்தார். "ஷீபா, நீ போவாண்டாம். பைய வச்சிட்டு இரி."

கதையாக இருந்தால் இந்த இடத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஷீபா உட்காரவில்லை.

"சார், தொறந்தது நான். அது எனக்க தப்புன்னே இருக்கட்டும். ஆனா நான் மூணு நாலு வட்டம் சொன்னேன். நீங்க மூடச் சொன்னிய."

"சொன்னேன்."

"இண்ணைக்குக் காலத்த கஸ்டமருக்கெல்லாம் விளிச்சு என்னைச் சொன்னிய. எல்லாரும் கேட்டாவ."

"சொன்னேன் பிள்ளே."

"அப்பம் அவங்க எல்லாருக்கும் இதையும் சொல்லணும். சொன்னா நான் இருக்கேன். அப்புறம் இன்னொண்ணு. புது பாஸ்வேர்டு எனக்க கையில இருக்கணும். நீங்க கேட்டாலும் தர மாட்டேன்."

குரலை உயர்த்தவே இல்லை. கை மட்டும் பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தது. எனக்கு எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வேலையை இழந்து நிற்கிறவள் நிபந்தனை போடுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! 'வேலை தருகிறேன்' என்றவுடன் 'சரி சார்' என்று தலையாட்டிவிட்டு, ராத்திரி வீட்டில் போய்ப் புழுங்குகிறவர்கள்தானே நாம் அநேகம் பேர்?

வில்சன் அண்ணன் சுற்றிலும் பார்த்தார். முதலாளி இல்லையா... நாலு பேர் முன்னால். எதிர்க்கடைக்காரர் வேறு செருப்பைப் போட்ட பிறகும் போகாமல் நிற்கிறார். பிறகு ஃபோனை எடுத்தார். அதே ஸ்பீக்கர். அதே உள்ளங்கை.

முதல் அழைப்பு என் தங்கைக்கே.

"எம்மா, வில்சனாக்கும் பேசுதேன். காலத்த நான் சொன்னது செரியில்ல. ஷீபா மேல தப்பு இல்ல. அவ கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு இல்லாம பண்ணினது நானாக்கும். பாஸ்வேர்ட ஊருக்கெல்லாம் குடுத்துட்டேன். அவ சொன்னா, நான் கேக்கல்ல. கார்டு லேட்டாவும். என்னை ஏசிக்கிடுங்க."

தங்கை என்ன சொல்வாள்? "அதுக்கென்ன அண்ணே" என்றாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதற்கடுத்த ஆளை. ஒவ்வொரு தடவையும் அதே வாசகம். குறைக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. ஒரு கஸ்டமர் நன்றாகவே ஏசினார். அதையும் ஸ்பீக்கரிலேயே வாங்கிக்கொண்டார். கடைசியில் குடும்ப குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். 'இனி யாரும் எனக்கிட்ட கேக்காதிய. எனக்கே தெரியாது.'

ஏதோ மூன்றாவது அழைப்பு நடக்கும்போது ஷீபா பையை இறக்கி வைத்தாள். தலையணையை எடுத்து நாற்காலியில் பழைய இடத்தில் செருகினாள். என்னிடம் வந்தாள்.

"அக்கா, உங்களுக்கு நான் அனுப்பின புரூஃப் வாட்ஸ்ஆப்ல கிடக்குல்லா? அத எனக்குத் திரும்பி அனுப்புங்க. ஜெனிஷ் ஒரு கம்ப்யூட்டர சுத்தம் பண்ணித் தந்தா போரும், அதப் பாத்து அப்பிடியே டைப் பண்ணிரலாம். எல்லாக் கஸ்டமர்கிட்டயும் கிடக்கும்."

இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை! ஹார்ட் டிஸ்க்கில் போனதெல்லாம் ஊர்க்காரர்களின் ஃபோன்களில் பத்திரமாக இருந்தது. படமாகத்தான், ஆனாலும் இருந்தது. பெரியப்பா உட்பட எல்லோரும் அவரவர் வரிசையில். உட்கார்ந்து டைப் செய்ய ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆளைத்தான் அண்ணன் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்.

நான் சண்டை போடாமலே பஸ் ஏறினேன். வாழ்க்கையில் இரண்டாவது தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை எது என்று கேட்காதீர்கள், அது என் மாமியார் சம்பந்தப்பட்டது.

பணம் கட்டித் திறக்க வேண்டாம் என்று ஜெனிஷ் சொல்லிவிட்டான். கட்டினாலும் திறப்பான் என்று என்ன நிச்சயம்? எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டான். பஹ்ரைன்காரரும் பெங்களூர்ப் பெண்ணும் எதிர்க்கடைக்காரரும் இப்போது அவரவர் காசில் வாங்கிவிட்டார்கள். வாங்க வசதி இல்லாதவர்கள் இல்லையே யாரும்... கேட்டால் கிடைத்தது, அதனால் கேட்டார்கள். ஹார்ட் டிஸ்க் வேலை முடிந்ததும் கழன்று பீரோவுக்குள் போகிறது. பீரோச் சாவியும் ஷீபாவிடம்தான்.

எங்கள் கார்டும் வந்துவிட்டது. வாங்கி வர நான்தான் மறுபடியும் போனேன். மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வில்சன் அண்ணன் யாரிடமோ உள்ளங்கையில் பேசிக்கொண்டிருந்தார்.

"எனக்கிட்ட இல்ல மக்கா. சத்தியமாட்டு. கடையில உள்ள பிள்ள தர மாட்டேங்குது. முதலாளிக்கே தர மாட்டேங்குது, கேட்டியா!" சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அறுபது வருஷமாக வாயில் வராத ஒரு வார்த்தையை வேறொருத்தி வாயால் சொல்லக் கிடைத்த சந்தோஷம். இளைத்துக்கூடப் போகவில்லை மனிதர், தெளிவாக இருந்தார்.

ஆனாலும் சுபாவம் போகுமா? ஃபோனை வைத்தவர், ஷீபா இருக்கும் பக்கம் பார்த்து, குரலை ரொம்பத் தணித்து, "பிள்ளே... அது நம்ம தங்கச்சிக்க மவனாக்கும். பரீட்ச நேரம். ஒண்ணே ஒண்ணு..." என்றார்.

ஷீபா திரும்பவே இல்லை. திரையில் யாருடைய தாய்மாமனையோ ஒரு வரி மேலே ஏற்றிக்கொண்டே சொன்னாள்.

"இல்ல சார்."

அண்ணன் "செரி" என்றார்.

உங்கள் ஆபீசிலும் இப்படி 'இல்ல சார்' சொல்கிற ஒருவர் இருந்தாரே... இப்போதும் வேலையில் இருக்கிறார்தானே?